தினம் கட்டிய புடவைகள்

பள்ளிப் படிப்பு முடியும்வரை என் மகளுக்கு உடுப்பு ஒரு கேள்வியாக இருந்ததில்லை. பள்ளி நாட்களில் சீருடை. மற்ற நாட்களுக்கு இரண்டு சுடிதார் போதும். இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்ததும் நிலைமை மாறியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் துணிகளையெல்லாம் கட்டில்மேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புதுசு எடுத்துத் தரட்டுமா?" என்றேன்.

"வேணாம்ப்பா. கடையில எடுத்தா கிளாஸ்ல நாலு பேரு அதையே போட்டுனு வருவாளுங்க. இருக்கறத வெச்சே சேத்துக்கறேன்."

சேர்த்துக்கொண்டாள். என்னுடைய பழைய கட்டம்போட்ட முழுக்கைச் சட்டையைக் கேட்டு வாங்கி, கையை முழங்கைவரை மடித்து, வெள்ளைக் குர்த்தியின்மேல் பொத்தான் போடாமல் அணிந்து போனாள். அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர் மலை மேகம் மூடிப் பாதிக்குமேல் தெரியாது. பஸ் சன்னல் காற்றுக்கு அந்தச் சட்டை போதும் என்றாள். மாலையில் செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு.

"இன்னாடி, வேங்கிக்கால் ஆபீஸே கெளம்பி காலேஜுக்கு வந்துடுச்சான்னு கலாய்க்கறாளுங்கப்பா. ஆனா அதுல ரெண்டு பேரு, அவங்கப்பா சட்டையக் கேக்கப் போறாளுங்களாம்."

நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். என் சட்டைக்கு அப்படி ஒரு மதிப்பு வருமென்று எதிர்பார்க்கவில்லை. அவள் அம்மா போனபின் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் கேட்டாள்: "அம்மாவோட காட்டன் புடவையெல்லாம் எங்கப்பா வெச்சிருக்க? அதுல ரெண்டு குர்த்தி தைச்சிடலாம். அந்த மெரூன் சால்வை பனிக்கு ஆவும்."

என் மனைவி இறந்து வருகிற தையோடு இரண்டு வருடம். பீரோவைத் திறந்து காட்டினேன். ஆறு பட்டுப் புடவைகள், ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தவை. மடிப்பில் இழை விட்டுப் போகாமலிருக்க, தவறாமல் எடுத்து மடிப்பை மாற்றி வைக்கிறேன். மகள் ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"இதெல்லாம் கல்யாணத்துக்குக் கட்டறதுப்பா. தெனம் கட்டுவாங்களே, அது?"

சொல்ல வேண்டியதாயிற்று. போன ஐப்பசியில், துக்க வருடமானதால் எங்களுக்குத் தீபாவளி இல்லையென்றாலும், வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். என் அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து உதவிக்கு வந்திருந்தாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மாள் தெருவில் குரல் கொடுத்தாள்.

"நல்லத எடுத்து வெச்சிக்கோடா. கட்டிக் கிழிஞ்சத வெச்சினு இன்னா பண்ணப் போற?" என்றாள் அக்கா.

நானும் அப்படித்தான் பிரித்தேன். சரிகை உள்ளவை ஒரு பக்கம். சாயம் போனவை, ஓரம் நைந்தவை, காலையில் பால் வாங்கப் போகும்போது என் மனைவி போர்த்திக்கொள்ளும் சால்வை எல்லாம் மறுபக்கம். மறுபக்கத்தில் பதினான்கு உருப்படி. பதிலுக்கு மூடிபோட்ட நீல பிளாஸ்டிக் வாளி ஒன்று கிடைத்தது. வாளி நல்ல கனம் என்று அக்கா பாராட்டினாள்.

நான் சொல்லி முடித்ததும் மகள் எழுந்தாள். குளியலறைக்குப் போய், அந்த வாளியிலிருந்த தண்ணீரைக் கொட்டி, அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கவிழ்த்து வைத்தாள். என் சட்டையைத் துவைத்து மடித்து என் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டாள். மூன்று நாள் நான் கேட்டதற்குப் பதிலைத் தவிர என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். உடனே புறப்பட்டு வந்தாள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில், தாலியோடு போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். அவளுக்கென்று புதுப் புடவை ஒன்று எடுத்து, வைத்துப் படைப்போம்; பிறகு அதை அந்த வீட்டுப் பெண் கட்டிக்கொள்ளலாம். இந்த ஆடியில் படைத்த மஞ்சள் புடவை பெட்டியில் மடிப்பு கலையாமல் இருந்தது. அக்கா அதை எடுத்து மகளின் மடியில் வைத்தாள்.

"இந்தாடி. இதுவும் உங்கம்மா புடவதான். வெட்டித் தைச்சிக்கோ, நான் ஒன்னும் சொல்லமாட்டேன்."

"அம்மா இதப் பாக்கவே இல்லியே அத்த."

"பாக்கலன்னு உனக்கு யாரு சொன்னது? படைக்கசொல்ல பல்லி கத்துச்சே, மறந்துட்டியா?"

"அப்ப பல்லிதான் பாத்துச்சு."

அக்கா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புடவையைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

அக்கா ஊருக்குக் கிளம்பியபின், போன ஆண்டு நாட்குறிப்பை எடுத்து மகளிடம் கொடுத்தேன். வாளிக்குத் துணி போட்ட அன்று வீட்டைவிட்டுப் போன ஒவ்வொன்றையும் அதில் எழுதியிருந்தேன். எதற்காகக் கொடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"காட்டன், பச்சை, இடது ஓரம் நாலு விரல் கிழிசல். காட்டன், நீலம், சின்னப் பூ. வாயல் புடவை, வெள்ளை, மஞ்சள் கறை..."

பதினான்கையும் படித்து முடித்ததும், "நாளைக்கு என்கூட கட்பீஸ் கடைக்கு வாப்பா," என்றாள். "இதே கலர்ல பாத்து எடுத்து தைச்சிக்கறேன்."

கடை தேரடிப் பக்கத்துச் சந்தில் இருந்தது. சின்னப் பூப்போட்ட நீலம் கிட்டத்தட்டக் கிடைத்தது. இந்தப் பூ கொஞ்சம் பெரிசு என்றாள். இருந்தாலும் எடுத்து ஒதுக்கி வைத்தாள். பிறகு பச்சை கேட்டாள்.

"எந்தப் பச்சைம்மா?" கடைக்காரர் மூன்று துணிகளைப் பிரித்து மேசைமேல் போட்டார். "கிளிப்பச்சை இருக்குது, இலைப்பச்சை இருக்குது, இது பாசிப்பச்சை."

அவள் என்னைப் பார்த்தாள். "எந்தப் பச்சைப்பா?"

அந்தப் புடவையில்தான் என் மனைவி எத்தனையோ காலைகளில் சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்திருக்கிறாள். கிழிசல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். நிறம் வரவில்லை.

"உனக்கு ஞாபகம் இல்லியாம்மா?"

"எனக்கும் வரமாட்டேங்குதுப்பா. அதான் உன்னக் கேக்கறேன்."

கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் இலைப்பச்சையைக் காட்டினேன். காட்டும்போதே அது இல்லை என்று தெரிந்துவிட்டது. அவள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, அதில் இரண்டரை மீட்டர் வெட்டச் சொன்னாள்.