என் படத்தோடு பேசுகிற இன்னொருவன்

இந்த நாட்டில் கம்பெனியே நமக்குப் பொய்க் கடிதம் அனுப்பும். அதை நாம் நம்புகிறோமா இல்லையா என்று பார்ப்பதற்காக. மஸ்கட்டில் ஒரு ஓட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறவன் நான். டியூட்டி நேரம் பார்க்கவென்று எனக்கும் ஒரு ஈமெயில் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் அதில், ‘உங்கள் விடுமுறைக்கு அனுமதி கிடைத்துவிட்டது, இங்கே அழுத்தவும்’ என்று வந்தது. நான் விடுமுறையே கேட்கவில்லை. கேட்காமலேயே கொடுக்கிறார்களே, வேலையை விட்டு அனுப்பத்தான் இப்படிச் செய்கிறார்களோ என்று பயந்து அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பாகியது. ‘நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். வியாழக்கிழமை பாதுகாப்பு வகுப்புக்கு வரவும்.’ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனை இத்தனை வருஷம் கழித்து ஒரு பொய் லீவு மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தது.

வகுப்பெடுத்தது ஒரு ஓமானிப் பெண். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை, என் அறையில் தங்கியிருக்கும் நேபாளத்துக்காரன் தில் எனக்கு இந்தியில் சொன்னான். எனக்குத் தெரிந்த இந்தி லாண்டரிக்குள் மட்டும் செல்லுபடியாகும். “ஏன் அழுத்தினீர்கள்?” என்று அந்தப் பெண் கேட்டார். “எனக்குத்தானே மேடம் வந்தது” என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நம் பெயர் போட்டு ஒரு தாள் வந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஏதாவது வந்து சேரும் என்ற பயத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. “உங்களுக்கு வந்ததால்தான் சந்தேகப்பட வேண்டும்” என்றார். அது எனக்குப் புரியவில்லை.

அன்று கற்ற வார்த்தைகளை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். ஃபிஷிங் என்றால் தூண்டில் போடுவது. புழு நமக்குப் பிடித்ததாக இருக்கும், முள் உள்ளே இருக்கும். மால்வேர் என்பது போனுக்குள் குடியேறி, நாம் பேசுவதையும் எழுதுவதையும் வெளியே சொல்லிக்கொண்டிருக்கும் கள்ளச் சரக்கு. பாஸ்வேர்டை ஊருக்கே தெரிந்த எண்ணாக வைக்கக் கூடாது என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் ஊர் திருத்தணி, மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. எங்கள் வீட்டில் எல்லா பாஸ்வேர்டும் முருகா, அதற்குப் பின்னால் அந்த மூன்று எண். பக்கத்து வீட்டிலும் அதுதான், செல்போன் கடைக்காரருக்கும் அதுதான். மறந்தால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வசதியாக இருக்கும் என்றே வைத்திருந்தோம்.

ஓடிபி என்று போனுக்கு வரும் ஆறு எண் மட்டும் உடனே விளங்கியது. மலையில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம் அல்லவா, அதுதான். அந்தக் கூட்டத்தில் செருப்புக் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ செருப்பு அவருடையது. அந்த ஆறு எண்ணை இன்னொருவரிடம் சொன்னால் நாம் வெறுங்காலோடு நிற்க வேண்டியதுதான். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று இரண்டாவது பூட்டும் உண்டு. அதற்கு நாமே ஒரு எண் வைக்க வேண்டும். மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் நான் வைக்கவில்லை.

அன்று மாலையே மனைவி கஸ்தூரிக்குப் போன் செய்து பாடம் நடத்தினேன். எங்கள் உயிர்நாடி ஒரே ஒரு மெசேஜ் ஆப்தான், பச்சை ஆப் என்போம். இந்த நாட்டில் அதில் பேசத் தடை, எழுத்தும் குரல் பதிவும்தான். என் சிம்மிலிருந்து வெளிநாட்டுக்கு நேரடியாக அழைக்க முடியாது, பேசுவதென்றால் காலிங் கார்டு போட வேண்டும். அந்த அழைப்பு அவள் போனில் தினம் ஒரு எண்ணாகக் காட்டும். “இனிமே தெரியாத நம்பர் வந்தா எடுக்காத. என் குரல்லயே பேசினாலும் நம்பாத. குரலையும் இப்போ மெஷின் செஞ்சிடுதாம்” என்றேன்.

“அப்போ நீங்க கார்டு போட்டு பேசறதே தெரியாத நம்பர்தானே? இப்ப பேசறது நீங்களா, மெஷினா?”

“நான்தான்டி.”

“மெஷினும் அப்படித்தானே சொல்லும்?” என்று சிரித்தாள். அவள் சிரித்த விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. வகுப்பில் அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். வீட்டாருக்குள் ஒரு ரகசிய வார்த்தை. முதலில் ‘மாங்காய்’ என்று வைத்தேன். நான் போனில் சொன்னதைக் கேட்டு தில் “மாங்காய், மாங்காய்” என்று பாடிக்கொண்டு திரிந்ததால் அதை மாற்றி ‘பஞ்சாமிர்தம்’ என்றேன். திருத்தணிக்காரன் வேறு என்ன வைப்பான் என்று திருடன் யூகித்துவிட்டால்? மறுபடி மாற்றி, ‘குடை’ என்று குரல் பதிவு அனுப்பினேன். அவள் வேலையில் இருந்தாள் போல. அதைக் கேட்டாளா என்று நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சரிபார்க்கிற நான் அதை மட்டும் பார்க்கவில்லை.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் எப்படி விழுந்தேன் என்று கேட்பீர்கள். ஆடிக் கிருத்திகை வந்தது. அன்று எங்கள் ஊரில் சாலையே தெரியாது, மஞ்சள் துணியும் பூக்காவடியும்தான் தெரியும். நான் அன்று காலை ஆவி அடிக்கும் மிஷினுக்கு முன்னால் நின்று தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தேன். பொதட்டூர்பேட்டையிலிருக்கும் என் அக்காள் கணவர், பாவா, ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். ‘மலையிலிருந்து நேரடி தரிசனம். உங்கள் எண்ணைப் போட்டு, வரும் ஆறு எண்ணைப் பதியவும்.’ பிரசாதத்துக்கு நீட்டிய கையை, கொடுப்பவர் யார் என்று கேட்டுவிட்டா நீட்டுகிறோம்? விபூதி கொடுத்தால் நெற்றி தானாகக் குனிகிறது. எனக்கும் குனிந்தது. ஆறு எண்ணையும் போட்டேன். டோக்கன் பாடம் நடத்திய அதே வாயால் ‘அரோகரா’ என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். காவடி வரவில்லை. பச்சை ஆப் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. அந்த மெசேஜ் பாவா அனுப்பியதே அல்ல. முந்தின நாளே அவருடைய கணக்கு திருடு போயிருந்தது.

மறுபடி உள்ளே போகப் பார்த்தேன். இரண்டாவது பூட்டின் எண்ணைக் கேட்டது. நான் பயந்து வைக்காமல் விட்ட பூட்டை உள்ளே போனவன் வைத்துவிட்டான். ‘ஏழு நாள் காத்திருக்கவும்’ என்று வந்தது. ஏழு நாள் அவன்தான் நான். அடுத்து அவன் கஸ்தூரியிடம்தான் போவான், அவளுக்கு வரும் ஆறு எண்ணைக் கேட்பான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் சொல்லிவிடுவதற்குள் தடுக்க வேண்டும். கார்டு போட்டு அழைத்தேன். எடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன், துண்டித்தாள். ஐந்தாவது முறை எடுத்தாள்.

“இன்னாய்யா வேணும் உனக்கு? சும்மா சும்மா அடிச்சிகினு கீறே?”

“கஸ்தூரி, நான்தான். என் ஆப்ப எவனோ எடுத்துகினான். நம்பர் ஏதாவது கேட்டா சொல்லாத.”

“என் வூட்டுக்காரரு இப்போதான் எனக்கு மெசேஜ் போட்டுகினு கீறாரு. வேல்பூசை பிரசாதம் வூட்டுக்கு வருதாம். நீ யாரு?”

“ஐயோ, அவன்தான் திருடன்டி!”

“அப்படியா? வார்த்தைய சொல்லு பார்க்கலாம்.”

“குடை.”

அவள் குரலில் ஒரு வெற்றி. “மாட்னியா? குரலு மட்டும் அச்சா அவரு மாதிரியே இருக்குது. போனை வைடா!”

என் மனைவி என்னை ‘டா’ போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. துண்டித்த கையோடு அவள் என் படத்துக்குச் சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். ‘ஒருத்தன் உங்க குரல்லயே பேசினான். நான் ஏமாறல.’ அவன் ‘வெரி குட்’ என்று எழுதினானாம். அவளும் ஆறு எண்ணை அனுப்பினாள். அவனிடம் யாரும் வார்த்தை கேட்கவில்லை. என் முகம் இருந்ததால் கேட்கவில்லை. என்னிடம் என் குரல் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் கஸ்தூரி பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டைக்கு அக்காள் வீட்டுக்குப் போய், அக்காள் போனிலிருந்து என் சிம்முக்கு அழைத்தாள். தன் போனில் ஆப் திறக்கவில்லை என்றதும்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது.

“பேசறது நீங்கதானா?” என்றாள்.

“நீதானா?” என்றேன்.

“வார்த்தைய சொல்லுங்க.”

“எந்த வார்த்தை? மாங்காயா, பஞ்சாமிர்தமா, குடையா?”

“மூணு வெச்சி மூணையும் நாசம் பண்ணது எங்க வூட்டுக்காரருதான்” என்றாள். சிரிப்பு என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை என்று புரிந்தது. “அண்ணி போன்ல நம்ம குடும்ப குரூப்ப பார்த்தேங்க. நீங்க எனக்கு குட்மார்னிங் போட்டுக்கீறீங்க. நான் உங்களுக்கு ரோஜாப்பூ போட்டுக்கீறேன். ரெண்டு பேருமா சேர்ந்து எல்லார்கிட்டயும் நம்பர் கேட்டுகினு கீறோம். ‘இது என் தம்பி இல்ல’ன்னு அண்ணி போட்டாங்க. நீங்க அவங்களையே குரூப்ல இருந்து தூக்கிட்டீங்க.”

“ஆங்” என்றேன். “சாப்டியா?” என்றேன். அதற்குள் அக்காள் போனில் காசு தீர்ந்து, கார்டில்லாத அந்த அழைப்பு அறுந்துவிட்டது.

இதை எழுதும் இன்று நான்காம் நாள். இன்னும் மூன்று நாள் கழித்து என் கணக்கு எனக்குத் திரும்பி வரலாம் என்கிறார்கள். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. இன்று மதியம் தில்லின் போனை வாங்கி, அதில் என் எண்ணை என் பெயரிலேயே பதிந்து, பச்சை ஆப்பைத் திறந்து பார்த்தேன். என் படம் இருந்தது. போன முறை ஊருக்குப் போனபோது மலைப்படியில் கஸ்தூரி பக்கத்தில் நின்று எடுத்தது. இருவர் நெற்றியிலும் விபூதி. எனக்கு ஊரில் எஞ்சியிருந்த இடம் அந்தப் படம் அளவுதான். அதிலும் இப்போது வேறொருவன் குடியிருக்கிறான். என் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று இருந்தது. நான் அங்கே இருக்கிறேனாம். மடிக்காத விரிப்பு ஒரு வண்டி நிறைய எனக்காகக் காத்திருக்க, நான் இங்கே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.