பக்க எண் கேட்டவர்

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே. பெட்டிக்குள் காலெடுத்து வைத்ததுமே யாரிடம் டிக்கெட் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுமாம். கண்ணை மூடித் தூங்குகிறவன், அவரைக் கண்டதும் ஜன்னலுக்கு வெளியே அவசரமாக மரம் பார்க்கிறவன், தேவைக்கு மேல் வணக்கம் சொல்கிறவன், இவர்களை எல்லாம் வாசலில் நின்றே பிரித்துவிடுவார். ஒருமுறைகூடத் தன் கணக்கு தப்பியதில்லை என்று அவரே சொல்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வேலையிலிருந்த காலத்தில் வாரத்தில் பாதி நாள் அவர் ரயிலில் இருப்பார், வீடு முழுக்க மனைவியுடையது. பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை முதல் வீடு இருவருக்குமானது. கூடத்தில் ஒரே ஒரு நல்ல நாற்காலி இருந்தது. அது ஜன்னலோரம் இருந்தது, அங்கேதான் வெளிச்சமும் வந்தது. அதில் எக்ஸ்ரே உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவருக்குப் பார்க்க வேறு யாரும் இல்லாததால் மனைவியைப் பார்க்க ஆரம்பித்தார்.

பார்த்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சனிக்கிழமை மாலையானால் அவள் தலையை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எங்கே என்று கேட்டால் நூலகத்துக்கு என்று ஒரே வார்த்தை. நூலகத்துக்குப் போகிறவளுக்குப் பவுடர் எதற்கு? புத்தகமா இவள் முகத்தைப் பார்க்கப் போகிறது? மூன்றாவது சனிக்கிழமை, இரண்டு தெரு இடைவெளி விட்டு, பின்னாலேயே போனார்.

அவள் சொன்னது பொய்யில்லை. கிளை நூலகத்தின் மாடியில், மின்விசிறிக்குக் கீழே நீள மேசையைப் போட்டு வாசகர் வட்டம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப் போக வேண்டும், அடுத்த வாரம் வந்து அதைப் பற்றித் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி. எக்ஸ்ரே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பேசிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் டீயைக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் "சாப்பிடறீங்களா" என்பதற்கு மேல் வாய் திறக்காதவள் இவள்தானா என்று அவருக்குப் பகீரென்றது. பொறாமையும் வந்தது, அதை மறைப்பானேன். தனக்குக் கிடைக்காத பேச்சு இங்கே யார் யாருக்கோ கிடைக்கிறதே என்று அந்த இடத்திலேயே தானும் வட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

வட்டத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேர்தான். மருந்துக்கடைக்காரர் கொலைக் கதையாகப் பார்த்து எடுப்பார். அவருடைய கருத்து எப்போதும் ஒன்றுதான்: எழுதியவர் சொல்கிற அளவு விஷத்துக்கு ஆள் சாகமாட்டான், வயிற்றுப்போக்குதான் வரும். கட்டட மேஸ்திரி ராஜாக்களின் வரலாறு படிப்பார். ராஜா எத்தனை பேரை வெட்டினான் என்பது முக்கியமில்லை, அந்தக் கோட்டைச் சுவரை எப்படி எழுப்பினான் என்று ஒரு வரி எழுதக்கூடாதா என்று அலுத்துக்கொள்வார். நர்ஸ் காதல் கதைகளுக்கு அழுவாள், அழுதுகொண்டே கதாநாயகி நேரத்துக்குச் சாப்பிடுவதே இல்லை என்று குறை சொல்வாள். நூலகர் அம்மா தேனீ வளர்ப்புக் கையேட்டை எடுத்துப் போய் அதை ஒரு குடும்பக் கதைபோல் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். எக்ஸ்ரேயின் மனைவி எது கையில் அகப்பட்டாலும் எடுப்பாள். கடைசியில் பேசுவாள். அவள் பேசுவதற்காகத்தான் மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

எக்ஸ்ரே ஒரு வாரம் சும்மா இருந்தார். இரண்டாம் வாரம் அவர் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. அன்று மருந்துக்கடைக்காரர் மாறுதலுக்கு ஒரு பாலைவனப் பயண நூலை எடுத்து வந்திருந்தார். வர்ணனை அபாரம், படிக்கும்போதே தாகமெடுத்தது என்றார். எக்ஸ்ரே முன்னால் சாய்ந்து, ரொம்பப் பணிவாக, அந்த ஒட்டகம் எந்தப் பக்கத்தில் சாகிறது என்று கேட்டார். நடுவில் எங்கேயோ வரும், பாவம் என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அந்தப் புத்தகத்துல ஒட்டகமே சாகலை சார்" என்றார் எக்ஸ்ரே. அதை அவர் வேலையிலிருந்தபோதே ஒரு ரயில் பயணத்தில் படித்திருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரரும் அசடு வழிந்துகொண்டே சிரித்துவைத்தார். கடையில் கூட்டம், பின்னட்டையை மட்டும் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டார். எக்ஸ்ரேக்கு ஓய்வு பெற்ற நாளிலிருந்து வராத தெம்பு அன்றைக்கு வந்தது.

அதற்குப் பிறகு மனைவியைத் தவிர யாரையும் விடவில்லை மனிதர். கருத்து சொன்னால் பக்க எண் சொல்ல வேண்டும். கோட்டைச் சுவர் எந்தப் பக்கம்? தேன் எடுப்பது எந்தப் பக்கம்? நர்ஸைப் பார்த்து, எந்தப் பக்கத்தில் அழுதீர்கள் என்றே கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை, அன்றோடு அழுவதை நிறுத்திவிட்டாள். மேஸ்திரி வரும்போதே பக்க எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். கேட்டால் எடுத்து நீட்டினார். கோட்டைச் சுவரைப் பற்றி அவருக்கு அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை.

எக்ஸ்ரே தான் எடுத்த புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை படித்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எப்படி இருந்தது என்று நூலகர் அம்மா கேட்டால், "சரியா இருந்துச்சு, எல்லாப் பக்கமும் இருக்கு" என்பார். வேறு கருத்து அவருக்கு எந்தப் புத்தகத்தைப் பற்றியும் இருந்ததில்லை.

மற்றவர்கள் எல்லோரும் ஒடுங்கிப் போன பிறகும் ஒருத்தி மட்டும் முன்போலவே பேசினாள். அங்கேதான் எக்ஸ்ரேக்குப் பொறி தட்டியது. இவள் வீட்டில் படித்து அவர் பார்த்ததே இல்லை. புத்தகம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கும். அவள் துணி மடிப்பாள், பாத்திரம் கழுவுவாள், சாயங்காலம் மாடிப்படியில் போய் நிற்பாள். பின் எப்போது படிக்கிறாள்? சோதனை செய்துவிடுவது என்று முடிவு செய்தார். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, புத்தகத்தின் முதல் அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு நூல் இழையை வைத்தார். கட்டின பெண்டாட்டியை இப்படி வேவு பார்ப்பது அசிங்கம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கை கேட்கவில்லை, வைத்துவிட்டார். சனிக்கிழமை வரை அந்த இழை அசையவே இல்லை.

அது ஒரு கலங்கரை விளக்கத்துக் காவலாளியின் கதை. அன்று மாலை அவள் அதைப் பற்றிப் பேசினாள். கடைசியில் அந்தக் காவலாளி ஒருநாள் வேண்டுமென்றே விளக்கை அணைத்துவிடுகிறானாம். கப்பலைக் கவிழ்க்க அல்ல, விளக்கு எரியவில்லை என்றாவது யாராவது தன்னைத் தேடி வருகிறார்களா என்று பார்க்க. அவள் சொல்லி முடித்ததும் நர்ஸ் மறந்துபோய் அழுதுவிட்டாள். மேஸ்திரி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயே தன் டீயை ஆறவிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சுதாரித்துக்கொண்டார். மறுநாள் அந்தப் புத்தகத்தை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார். காவலாளி எந்த விளக்கையும் அணைக்கவில்லை. அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் கிடைக்கிறது, கல்யாணம் ஆகிறது, கதை முடிகிறது.

அப்படியானால் அதை இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அந்த வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்துக்கடைக்காரர்மேல் சந்தேகப்பட்டார், மேஸ்திரிமேல் சந்தேகப்பட்டார், தபால் கொடுக்க வந்தவரையும் ஒரு பார்வை பார்த்தார். அவளிடமே நேராகக் கேட்டிருக்கலாம். வீட்டில் கேட்டால் மழுப்பிவிடுவாள் என்று, நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்பதென்று முடிவு செய்தார். வேலையில் அப்படிக் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

சனிக்கிழமை வட்டம் கூடியதும் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார். விளக்கை அணைக்கிற இடத்தை எடுத்துக் காட்டச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, அதெல்லாம் எதற்கு சார், டீ வந்துவிட்டது பாருங்கள் என்று குறுக்கே புகுந்து பார்த்தார். எக்ஸ்ரே விடவில்லை.

அவள் புத்தகத்தைத் தொடவில்லை.

"அது இதுல இல்லைங்க. முதல்ல கொஞ்சம் படிச்சேன். மீதிய நானே நினைச்சுக்கிட்டேன்."

"அப்ப இத்தனை வாரமா?"

"எல்லாம் அப்படித்தான். நீங்க ரிட்டயர் ஆனதுலேருந்து நான் ஒரு புத்தகத்தையும் முடிக்கலை."

ஏன் என்று கேட்டார் அவர். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

"வீட்ல நீங்க இருக்கீங்க. ஒண்ணும் சொல்றதில்லை, பார்த்துக்கிட்டே இருக்கீங்க. நான் ஒரு பக்கத்தைத் திருப்பினா உங்க கண்ணும் கூடவே வருது. என் வீட்லயே டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கிற மாதிரி இருக்குங்க எனக்கு."

சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, சந்தேகம் சரிதான் என்று நிரூபித்தாயிற்று. மேசையைச் சுற்றி ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நர்ஸ் மட்டும், யாரிடமென்று இல்லாமல், அக்கா சொன்ன முடிவுதான் நன்றாக இருந்தது என்றாள்.

அதன்பின் அவள் வட்டத்துக்குப் போகவில்லை. புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாள், வேறு எடுக்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் துணி மடித்தாள். வீட்டில் பேச்சு முன்பே குறைவு, இப்போது "சாப்பிடறீங்களா" என்பதும் போய், தட்டு வைக்கிற சத்தம் மட்டும் மிஞ்சியது. வட்டத்திலாவது கேட்டுக்கொண்டிருந்த அவள் குரலைத் தானே நிறுத்திவிட்டோம் என்பது எக்ஸ்ரேக்கு உறைத்தது. அது திரும்ப வராமலே போய்விடுமோ என்று பயந்தார். இத்தனைக்குப் பிறகும் புத்தி போகுமா? அவள் சொன்னது நிஜந்தானா என்று விசாரிக்க நூலகர் அம்மாவிடம் போனார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். முன்பெல்லாம் உங்கள் மனைவி வாரத்துக்கு இரண்டு புத்தகம் வாங்கிப் போவார், வாங்கியதை எல்லாம் படித்துவிட்டு மேலும் கேட்பார், எல்லாம் நீங்கள் ஓய்வு பெறுகிற வரைக்கும்தான் என்றார். அதற்கு மேல் விசாரிக்க அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை குளித்து, சட்டை மாற்றி, பழைய வேலைக்குப் போவதுபோல் கிளம்பினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. போக இடம் இல்லாமல் கடைவீதியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் மருந்துக்கடையில் போய் நின்றார். ஒட்டகத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்க நினைத்து, தலைவலி மாத்திரை கேட்டார். மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்து, உட்காருங்கள் என்று ஒரு ஸ்டூலையும் இழுத்துப் போட்டார். அப்புறம் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவருக்கு அந்த ஸ்டூல்தான். ஜன்னலோர நாற்காலி வீட்டில் காலியாகக் கிடந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது சுலபமாக இல்லை. இப்போது அவள் என்ன செய்கிறாள்? படிக்கிறாளா, தூங்குகிறாளா, யாரிடமாவது போனில் பேசுகிறாளா? ஒருநாள் மத்தியானம் தாங்கமாட்டாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் நின்று கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. படிக்கிறவளுக்கும் தூங்குகிறவளுக்கும் வெளியே நின்று வித்தியாசம் கண்டுபிடிக்க எக்ஸ்ரேயாலும் முடியவில்லை. சாவியைப் பூட்டில் நுழைக்கப் போனவர், கையை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கிக் கடைக்கே போய்விட்டார்.

மாதம் ஒன்று ஓடியிருக்கும். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போகாமல் எதிரில் உட்கார்ந்தாள். மேசைமேல் ஒரு புத்தகம் இருந்தது. கடிகாரம் பழுது பார்க்கிறவன் ஒருவனைப் பற்றிய கதை என்று தானாகவே ஆரம்பித்தாள். ஊரில் எல்லோருடைய கடிகாரத்தையும் சரி செய்து கொடுக்கிற அவன், தன் வீட்டுக் கடிகாரம் ஓடாவிட்டால் மட்டும் அதைத் தொடமாட்டானாம். அதற்கு அவன் சொல்கிற காரணத்தை அவள் சொன்னபோது, எக்ஸ்ரேயின் பிடரியில் அந்தப் பழைய குறுகுறுப்பு ஏறியது. இந்த இடம் புத்தகத்தில் இருக்காது. அள்ளிவிடுகிறாள். சத்தியம் செய்வார், இருக்கவே இருக்காது. கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் புத்தகம் கிடந்தது.

அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், சந்தேகத்தோடுதான் பார்த்தாள். அவர் அசையாமல் இருந்தார். அவள் மேலே சொல்ல ஆரம்பித்தாள்.