ஜெயித்த குதிரையின் வியர்வை

குதிரைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று காதின் அடியைத் தொட்டே சொல்லிவிடுவான் முகாஷ். கூட்டுப்பண்ணைக் காலத்தின் கடைசியில் சாணி அள்ள வந்தவன், முப்பத்தோரு வருஷமாக அதே வேலைதான். முன்பல் இரண்டை ஒரு குதிரைக்குக் கொடுத்திருக்கிறான், இடது முழங்காலை இன்னொன்றுக்கு. அப்பேர்ப்பட்டவன்தான் இசிக்-குல் ஏரிக்கரைப் பந்தய லாயத்தில், பதினோரு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் பந்தயத்தில் ஜெயித்த தோரு என்ற குதிரைதான் முதலில் படுத்தது. நாலாம் கதவு. ஜெயித்து இரண்டே நாளில் மூக்கொழுக்கு, இருமல், நெருப்பாய்க் கொதிக்கும் உடம்பு. ஆறாம் நாள் காலையில் ஒன்றாம் கதவு, ஆறாம் கதவு, ஒன்பதாம் கதவு, மூன்றும் ஒரே நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டன. ஒன்பதாம் கதவுக்காரனுக்குப் பின்னங்கால்கள் வேறு தள்ளாடின. தோருவை ஒட்டி இந்தப் பக்கம் இருந்த மூன்றாம் கதவுக் குதிரையும் அந்தப் பக்கம் இருந்த ஐந்தாம் கதவுக் குதிரையுமோ ஒன்றுமே நடக்காத மாதிரி புல்லை மென்றுகொண்டிருந்தன.

கரகோலிலிருந்து வந்த கால்நடை டாக்டர் ஷைரா வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டாள். உள்ளே இருந்தவர்கள் அவளும் முகாஷும் குதிரைகளும்தான். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் மருந்துத் தண்ணீர்த் தட்டு வைத்தாள், காலை நனைக்காமல் யாரும் தாண்டக்கூடாது. குதிரைக்கொரு வாளி, குதிரைக்கொரு துடைப்பம், காலையும் மாலையும் காய்ச்சல் கணக்கு. கதவில் சுண்ணாம்புக்கட்டியால் எண் எழுதியாயிற்று.

"மொதல்ல நல்லா இருக்குறதைப் பாருங்க அண்ணே. சீக்குக் குதிரைக்குக் கடைசியாத்தான் போகணும்."

"கடைசியாவா? அது கத்துது டாக்டரம்மா! தண்ணி கேக்குது!"

"கேக்கட்டும். நீங்க மொதல்ல அங்க போனா, அதோட மூக்குல இருக்குறதை எல்லாருக்கும் பரிமாறிட்டு வருவீங்க."

சீக்கு வந்த குதிரைக்குத்தான் முதல் வாளி என்று பழகிய கால்கள் அவை. ஐந்தாம் கதவுக்குப் போகவேண்டியவன் நாலாம் கதவில் போய் நிற்பான், டாக்டர் சத்தம் போடுவாள், திரும்புவான். காற்றைச் சுத்தம் செய்யலாம் என்று வாசனை வரும் ஆர்ச்சா மரக் கிளையைக் கொளுத்தி லாயத்தைச் சுற்றிப் புகை காட்டினான். அதற்கும் திட்டு. "இருமுற குதிரைக்குப் புகையா? நீங்க இருமுறப்போ நான் அடுப்பை மூட்டி மூஞ்சியில காட்டட்டுமா?" அவன் கிளையை மண்ணில் தேய்த்து அணைத்தான். எதைச் செய்தாலும் தப்பாகப் போகிற நாட்கள்.

டாக்டர் சொல்லும் இந்த வைரஸ் என்ற சாமான் கண்ணுக்குத் தெரியாதாம். தெரியாவிட்டால் போகட்டும், நாலுக்கு அடுத்து ஐந்து என்று ஒழுங்காகவாவது போகக்கூடாதா? ஒன்றாம் கதவுக்கு ஓடுகிறது, ஒன்பதாம் கதவுக்குத் தாவுகிறது. ஷைராவுக்கும் பிடிபடவில்லை. "சீக்கு வந்த இந்த நாலு குதிரைக்கு மட்டும் பொதுவா ஏதாச்சும் இருந்துச்சா அண்ணே? ஒரே கடிவாளம், ஒரே பிரஷ்?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்றான். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எதுவும் தோன்றவில்லை.

தோன்றவைத்தது கலெம்பிர். மிளகாய் என்று அர்த்தம் வரப் பேர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான், அந்த ஐந்தாம் கதவுப் பெண்குதிரை கடிக்காத ஆளே லாயத்தில் கிடையாது. அன்று காய்ச்சல் பார்க்கப் போனவனின் தோளை வழக்கம்போலக் கவ்விவிட்டு நின்றது. "ஒனக்கு மட்டும் எப்படிடி ஒண்ணும் ஆகல? தோருவோட மூச்சு ஒம் மேலதான படுது!" என்று திட்டிக்கொண்டே தோளைத் தேய்த்தவனின் கை அப்படியே நின்றது.

பந்தயத்தன்று தோரு ஜெயித்து வந்ததும், ஊரெல்லாம் செய்வதைத்தான் அவனும் செய்தான். மனைவி ஓரம் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கைக்குட்டையால் அதன் நெற்றி, கழுத்து, மூக்கு எல்லாம் துடைத்தான். ஜெயித்த குதிரையின் வியர்வை பட்டால் ராசி ஒட்டிக்கொள்ளும். ஊர்க் குழந்தைகளின் நெற்றியில் தடவுவார்கள், இவன் தன் குதிரைகளுக்குத் தடவினான். எதிலெதில் நம்பிக்கை இருந்ததோ அவற்றின் மூக்கில்: ஒன்று, ஆறு, ஒன்பது. கலெம்பிர் அன்று பந்தயத்தில் கடைசியாக வந்தது, போதாததற்கு அவன் கையையும் கடித்தது. "ஒனக்கு எதுக்குடி ராசி" என்று தாண்டிப்போனான்.

முகாஷ் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கைக்குட்டை இப்போது அவனிடம் இல்லை. பந்தயம் பார்க்க நாரினிலிருந்து வந்திருந்த சம்பந்தி பெய்ஷென், "எங்க பெண்குதிரை சினையா இருக்கு, அதுக்காகக் குடுங்க சம்பந்தி" என்று கேட்டு வாங்கிப்போயிருந்தார். கொடுக்கும்போதே இவனுக்கு மனசு சுருக்கென்றது. மகள் ஐஜமால் அந்த வீட்டுக்கு வாழப்போய் மூன்று வருஷம், இன்னும் மடியில் ஒன்றும் இல்லை. அந்த மனுஷர் குதிரைக் குட்டிக்கு ராசி கேட்கிறார், என் பெண்ணுக்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வீடு வரைக்கும் பொருமினான்.

இந்தச் சீக்கு சினையைக் கலைக்கும் என்று ஷைரா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

கொடுத்த ராசியைத் திருப்பிக் கேட்பதைப்போல ஒரு அவமானம் சம்பந்திக்குச் செய்ய முடியாது. சொன்னால், சீக்குத் துணியைச் சீராகக் கொடுத்தவனின் மகள் என்று ஐஜமாலைக் காலமெல்லாம் குத்திக் காட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, குட்டி செத்து விழும், அவ்வளவுதான். போனை எடுப்பான், வைப்பான். தட்டில் காலை நனைப்பான், எதற்கு நனைத்தோம் என்று மறந்துபோய் மறுபடியும் நனைப்பான்.

கடைசியில் மத்தியானம் கூப்பிட்டான்.

"என்ன சம்பந்தி! ஜெயிச்சவங்க எங்களையெல்லாம் மறந்துட்டீங்களா?" பெய்ஷெனின் குரல் கணகணவென்று வந்தது.

"மறக்கல சம்பந்தி. ஒங்க சினைக்குதிரை எப்படி இருக்கு?"

"என்னை விட நல்லாச் சாப்பிடுது. குரல் ஏன் இப்படி இருக்கு? ஒடம்பு சரியில்லையா?"

"அந்தத் துணி சம்பந்தி… அதைத் தூரப் போட்டுடுங்க. குதிரை பக்கம் கொண்டுபோகாதீங்க. தோருவுக்குச் சீக்கு. அந்தத் துணியாலதான் இங்க மூணு குதிரை படுத்திருக்கு. நான்தான் தடவினேன். எந்தக் கையாலதான்…"

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது மட்டும் கேட்டது.

"சம்பந்தி," பெய்ஷெனின் குரல் இறங்கியிருந்தது. "நான் ஒங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். குதிரைக்குன்னு வாங்கலை. மருமகளுக்கு வாங்கினேன்."

"யாருக்கு?"

"ஐஜமாலுக்கு. நாலு மாசம். நாலு பேர் வாயில விழ வேணாம்னு என் சம்சாரம் சத்தியம் வாங்கிட்டா, ஒங்க வீட்டுக்குக்கூடச் சொல்லலை. துணி அவ இடுப்புலதான் இருக்கு. இப்ப சொல்லுங்க, அவளுக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

நாலு மாசம் என்ற சொல்லுக்குச் சிரிப்பதா, இடுப்பு என்ற சொல்லுக்கு அலறுவதா என்று முகாஷுக்குத் தெரியவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டே நொண்டிக்கால் தடுக்க முற்றத்தில் ஓடினான்.

"டாக்டரம்மா! மனுசங்களுக்கு வருமா? வயித்துப் பிள்ளைக்கு வருமா?"

துணி, சம்பந்தி, மகள், மூக்கு என்று கண்டபடி கொட்டினான். ஷைரா முதலில் முழித்தாள், பிறகு கதவு எண்களைத் திரும்பிப் பார்த்தாள், கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியைத் தரையில் போட்டாள். "மனுசங்களுக்கு வராது அண்ணே. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. அந்தச் சினைக்குதிரைக்குத் தண்ணி காட்டுறது யாரு?"

கேட்டுச் சொன்னான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மாமியார், குதிரையை மகன் பார்த்துக்கொள்கிறான், மாசமாயிருப்பதால் ஐஜமாலைக் கொட்டில் பக்கமே விடுவதில்லையாம்.

"அப்படியே இருக்கட்டும். துணியை நல்லாக் கொதிக்க வைக்கச் சொல்லுங்க. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். குதிரைக்குத் தினமும் காய்ச்சல் பாக்கணும்."

பெய்ஷென் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "கொதிக்க வெச்சா ராசி போயிடுமா சம்பந்தி?" என்றார்.

முகாஷ் அதையும் டாக்டரிடம் கேட்டான். "அது எனக்குத் தெரியாது அண்ணே" என்றாள்.

"போகாதாம் சம்பந்தி" என்றான் முகாஷ் போனில்.

அன்று சாயங்காலம் காய்ச்சல் பார்க்கக் கிளம்பியவன், யாரும் சத்தம் போடாமலே ஐந்தாம் கதவுக்கு முதலில் போனான். பின்னால் தோரு கனைத்தது. காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனான். கலெம்பிருக்குக் காய்ச்சல் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதன் மூக்கைத் தடவிக்கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அது மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.