அப்பா உட்கார்ந்த பெஞ்ச்

போன சனிக்கிழமை என் தம்பி வீட்டுக்குப் போனேன். ஹாலில் சோபாவைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு ஸ்கூல் பெஞ்ச்! இரண்டு பேர் உட்காருகிற மாதிரி, முன்னால் எழுத மேஜையோடு சேர்ந்த, காம்பஸால் யார் யாரோ பெயர் கீறிவைத்த அசல் பெஞ்ச்.

"சோபா எங்கடா?"

"பால்கனியில கிடக்குதுக்கா. எல்லாம் நீ பண்ண வேலைதான்" என்றான்.

நான் என்ன செய்தேன்? சொல்கிறேன்...

தம்பி சிவராஜ் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை பார்க்கிறான். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். மனைவி கீதா கல்யாணத்துக்கு முன் தனியார் பள்ளியில் டீச்சர். ஒரே மகள் தன்யா, பத்து வயசு. மூன்றாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே படிக்கிறாள்.

எங்கள் ஊரில் ஸ்கூலுக்கா பஞ்சம்? அரசுப் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ, பெயருக்குப் பின்னால் 'இன்டர்நேஷனல்' ஒட்டிய கண்ணாடிக் கட்டடம்... போதாததற்கு, தினமும் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுக்குள் போய்ப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. தம்பியின் அபார்ட்மென்ட்டில் எந்த அம்மாவைக் கேட்டாலும் தன் பிள்ளை படிக்கிற ஸ்கூல்தான் உசத்தி என்பார். அவர்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தது ஒரு விஷயத்தில்தான். தன்யாவை வீட்டில் வைத்திருப்பது பைத்தியக்காரத்தனம்!

"பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று லிஃப்ட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கீதாவிடம் விசாரித்தார்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஷிப்ட்தான் காரணம். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் சிவராஜ் வீடு வந்து சேரும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். காலையில் அவள் வேன் ஏறும்போது இவன் தூங்கிக்கொண்டிருப்பான். சாயங்காலம் அவள் வரும்போது இவன் கம்பெனியில். ஒரு நாள் வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னார்கள். அம்மாவை நிற்கவைத்து, தன்னை நிற்கவைத்து, அப்பாவை மட்டும் பாயில் படுக்கவைத்து வரைந்திருக்கிறாள்.

"வீட்டுல சாருக்கு ஏதாவது உடம்பு முடியலையா மேடம்?" என்று கேட்டு கிளாஸ் மிஸ் போன் பண்ணினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், சிவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே டிசி வாங்கிவிட்டான்.

அதன்பிறகு அந்த வீட்டுப் பள்ளிக்கூடம் ஷிப்ட் சார்ட்படிதான் நடக்கிறது. அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் வகுப்பு சாயங்காலம். செகண்ட் ஷிப்ட் என்றால் காலை, அவன் எழுந்து காபி குடித்த பிறகு. நைட் ஷிப்ட் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பின். கீதா பாடம் நடத்துவாள். இவன் பழைய மோட்டாரைப் பிரித்துக் காட்டுவான். தன்யா நன்றாகவே படித்தாள். கணக்கில் என்னைத் திணறடிப்பாள்.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் போன மாதம் நான் போய் என் பள்ளிக்கூடக் கதையை அவிழ்த்துவிட்டேன்.

நான் படித்தது சூளகிரி பக்கம் அரசுப் பள்ளியில். ஆறாம் வகுப்பில் என் பெஞ்ச்மேட் முனிரத்னா. அவளுக்கு வீட்டில் தெலுங்கு, ஸ்கூலில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். பெங்களூர் லாரிக்கு அனுப்ப, விடியும் முன்பே தோட்டத்தில் கொத்தமல்லிக் கட்டு கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கொத்தமல்லி வாசம் அடிக்கும். முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவாள்... உட்கார்ந்தபடியே, புத்தகத்தைப் பார்த்த மாதிரியே!

டீச்சர் திரும்பினால் முழங்கையால் ஒரு இடி இடித்து, "லேயி" என்பேன். தெலுங்கில் 'எழுந்திரு' என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் தெலுங்கு வார்த்தை அதுதான். "ரெண்டு நிமிஷாலே" என்று முனகுவாள்.

"என்ன அங்கே? முனிரத்னா தூங்கறாளா?"

"இல்ல டீச்சர், யோசிக்கிறா டீச்சர்!"

வருஷம் முழுக்க இதே பொய்தான் சொன்னேன். டீச்சர் நம்பினாரா? நம்பியிருக்க மாட்டார். ஆனாலும் விட்டுவிடுவார். முனிரத்னா இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. ஓசூர் மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து பார்க்கும்போதெல்லாம் முழங்கை தானாக ஆடும்.

இந்தக் கதையைத்தான் சொன்னேன். தன்யா வாயைப் பிளந்து கேட்டாள். "அத்தே, பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தா எப்படி இருக்கும்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் தம்பி போன் பண்ணினான். "அக்கா, நீ பாட்டுக்குக் கதை சொல்லிட்டுப் போயிட்ட. இங்க இவ பாடத்துக்கே உட்கார மாட்டேங்குறா. பெஞ்ச்மேட் வேணுமாம்."

"ஸ்கூல்ல சேர்த்துடேன்டா."

"ஸ்கூல்ல சேர்த்தா நான் மறுபடியும் படுத்துக்கிட்டு இருக்குற அப்பாதான்க்கா."

அதோடு போனை வைத்துவிட்டேன்.

ஆனால் மெயின்டெனன்ஸ்காரன் சும்மா இருப்பானா? கம்ப்ளெயின்ட் வந்தால் பார்ட்டை மாற்றுவதுதானே அவன் தொழில்! பெஞ்ச்மேட் வேண்டும் என்று மகள் கேட்டதற்கு, மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரில் பேரம் பேசி பெஞ்சையே வாங்கி வந்து போட்டுவிட்டான். தன்யா ஒரு பக்கம் உட்கார்ந்தாள். இன்னொரு பக்கம் காலி. என்ன பிரயோஜனம்? காலி இடம் முன்பைவிட இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. கடைசியில் அந்த இடத்தில் இவனே போய் உட்கார்ந்துகொண்டான்.

சனிக்கிழமை நான் பார்த்தது அந்த வகுப்பைத்தான்.

முந்தின இரவு நைட் ஷிப்ட். அரைத் தூக்கத்தில் எழுந்து வந்து, முழங்கால் மேஜையில் இடிக்க இடிக்க மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கீதா போர்டில் பின்னம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, தம்பியின் தலை சரிந்தது. தன்யா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். முழங்கையால் அப்பா விலாவில் ஒரு இடி.

"லேயி!"

கீதா திரும்பினாள். "யாரு அங்க தூங்கறது? சிவராஜா?"

தன்யா விறைப்பாக எழுந்து நின்றாள். "இல்ல மிஸ். யோசிக்கிறான் மிஸ்!"

கீதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போர்டு பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சத்தியமாக அந்த ஹாலில் கொத்தமல்லி வாசம் அடித்தது.

அப்புறம் டீ குடிக்கும்போது தம்பி சொன்னான். "ஜூன்ல ஆறாவது சேர்த்துடறேன்க்கா. அரசுப் பள்ளியே போதும், நடந்து போற தூரம்தான். எவ்வளவு நாளைக்கு என்னை மாதிரி தூங்குமூஞ்சிய பக்கத்துல வெச்சுக்கிட்டு இருப்பா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டம்ளரை மட்டும் ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டிருந்தான்.

"உனக்குச் சம்மதமா?" என்று தன்யாவைக் கேட்டேன்.

"போறேன் அத்தே. ஆனா இந்தப் பெஞ்ச எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு கிளாஸ் இருக்கும்" என்றாள்.

வீடா, பள்ளிக்கூடமா, எது நல்லது என்று இந்தப் பத்தியில் தீர்ப்புச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. பாடத்தை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், எங்கே வேண்டுமானாலும் நடத்தலாம். பக்கத்தில் இருப்பவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் பக்கத்தில் ஒருவர் வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது ஃப்ரிட்ஜ் கதவில், ஷிப்ட் சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் படம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். தன்யா வரைந்தது. அம்மா நிற்கிறாள். பெஞ்சில் மகளும் அப்பாவும். அப்பா இப்போது படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார். கண் மட்டும் மூடியிருக்கிறது.

கீழே எழுதியிருந்தாள் — 'அப்பா யோசிக்கிறார்.'