முதல் மரக்கால்

வெள்ளானூருக்கு மேற்கே இருந்த அந்த ஊரைப் பற்றித் தாலுகா கச்சேரி என்னிடம் மூன்று சங்கதி கேட்டிருந்தது: எல்லை, வரலாறு, ஜனத்தொகை. வெள்ளைக்காரன் எடுத்த குடிமதிப்பு அது. வாத்தியார் வேலையோடு இந்தத் தலைவலியும் என் தலையில் விழுந்தது.

எல்லை எழுதுவது சுலபம். மேற்கே ஏரி, கிழக்கே களத்துமேடு, நடுவில் இரண்டு தெரு. வரலாற்றுக்கு அவர்கள் விட்டிருந்த இடம் ஒரே வரி. கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது, மார்கழியில் வாந்திபேதி வந்தது என்று எழுதினேன். ஊரே குடித்தது அந்த ஏரித் தண்ணீரைத்தான். மருந்தோடு ஒருத்தனும் வரவில்லை. மாசியில் நோட்டுப் புத்தகத்தோடு நான் போனேன்.

கடைசி வீட்டுக்காரர் களத்தில் நெல் அளப்பவர். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார், இரண்டிலிருந்துதான் எண். மழைக்கு முன் கதவில் இலக்கம் போட வந்தபோது அந்த வீட்டில் ஐந்து பேர் என்று நானே குறித்திருந்தேன்.

“ஊட்ல எத்தினி பேருன்னு கேக்குறியா, வாத்தியாரே?” என்று எழுந்து நின்றார். விரலைத் தன் நெஞ்சில் வைத்து, “லாபம்” என்றார்.

காலையிலிருந்து வெயிலில் அலைந்த எரிச்சல் எனக்கு. “நெல்லா அளக்கச் சொன்னேன்? ஆளு எத்தனைன்னு சொல்லுய்யா!” என்று கத்தினேன்.

தப்பாக எண்ணிவிட்டதாக நினைத்து, அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். “லாபம்” என்றார். விரல் நெஞ்சை விட்டு, திறந்து கிடந்த வீட்டுக்குள் நீண்டது. நான் பென்சிலோடு காத்திருந்தேன். இரண்டு என்று அவர் சொல்லவே இல்லை.