ஜெயஷீலா போட்ட சங்குச் சத்தம்

தூத்துக்குடியில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் ஓர் ஏஜென்சி அலுவலகத்தில் ஜெயஷீலா கம்ப்யூட்டர் பார்க்கிறாள். எந்தக் கடிதத்தை அடித்தாலும் அதில் ஒரு சத்தத்தைச் சொருகாமல் அவள் கை சும்மா இருக்காது. மாலத்தீவுக்குப் போகும் வெங்காயத்துக்கு எழுதிய கடிதத்தின் மூலையில் குட்டியாக ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். தெரியாமல் அதைத் தொட்டால் சேவல் கூவும். சத்தமில்லாத கடிதம் அவளுக்கு உப்பில்லாத குழம்பு.

மேனேஜர் சுந்தர்சிங்குக்கு இது ஆகவே ஆகாது. இரண்டு பேரும் பக்கத்திலுள்ள நாசரேத் ஊர்க்காரர்கள் என்பதால் உரிமையோடு ஏசுவார். "ஏளா ஜெயஷீலா, இது ஆபீஸா, கோழிப்பண்ணையா?" என்று கேட்டுவிட்டு, அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு சத்தத்தையாவது அவர் முழுதாகக் கேட்டதில்லை. அந்த மனுஷன் வாயால் ஒரே ஒரு தடவை 'நல்லாயிருக்கு' என்று கேட்டுவிட வேண்டும், அதுதான் ஜெயஷீலாவின் ஆசை. அவர் ரிட்டயர் ஆகும் விழாவில் படம் காட்டும் பொறுப்பை அவள் அடித்துப் பிடித்து வாங்கியது இதற்காகத்தான். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு சத்தம் சேர்த்தாள். கடைசி ஸ்லைடில் சுந்தர்சிங்கின் பெரிய படம், சிரித்த முகம், கீழே வேலை பார்த்த வருடங்கள்: 1989–2025. அது வரும்போது, அவளே கரைக்குப் போய்ப் பதிவு செய்த கப்பல் சங்கு ஊதும். மில் ஊதினாலும் கப்பல் ஊதினாலும் அவளுக்குச் சங்குதான்.

மண்டபத்தில் லேப்டாப்பைத் திறந்து ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால், கோப்பு கிடைக்கவில்லை என்றது. ஸ்லைடுகளை மட்டும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். சத்தங்கள் அத்தனையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. மேடையில் போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சத்தத்தையாவது காப்பாற்றுவோம் என்று நெட்டில் 'சங்கு சத்தம்' என்று தேடி, முதலில் வந்ததை இறக்கிச் சொருகினாள். ஜெபத்தின் நடுவே ஒலிக்கவிட்டுப் பார்க்க முடியுமா? எப்போதும் நீட்டி முழக்கும் போதகர் அன்று பார்த்துச் சட்டென்று 'ஆமென்' சொல்லிவிட்டார்.

ஸ்லைடுகள் சத்தமில்லாமல் ஓடின. சுந்தர்சிங் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கடைசிப் படம் வந்தது.

எழவு வீட்டுச் சங்கு ஊதியது. பின்னாலேயே சேகண்டி, டங்... டங்... திரையில் சுந்தர்சிங் சிரித்துக்கொண்டிருந்தார், கீழே வருடங்கள் இரண்டும். லோடுமேன் பாலகணேஷ் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்தான். "அண்ணாச்சிக்கு என்னாச்சுலே?" என்று கரண்டியோடு ஓடிவந்தார் சமையல்காரர். ஜெயஷீலா நிறுத்துவதாக நினைத்து எதையோ தட்ட, சங்கு மறுபடி முதலிலிருந்து ஊதியது.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. சுந்தர்சிங் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டாதளா, முழுசா ஓடட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு கடைசி டங் வரைக்கும் கேட்டார்.

"நல்லாத்தான்ளா இருக்கு," என்றார். "நான் நெசமாப் போற அன்னைக்கும் இதையே போட்டிரு. போதகர்ட்ட இப்பவே சொல்லிவச்சிக்கிடுதேன்."

அவர் மனைவி ஜெயபிரியா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்ற ஜெயஷீலா, "சரி அண்ணாச்சி," என்று சொல்லித் தொலைத்தாள்.