கீழ்வீட்டு ஜெனரல்

ஹம் நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு பிரெஞ்சு ஜெனரல் குடியிருந்தார். நான் ஒன்றும் அளக்கவில்லை, அசல் ஜெனரல். இளம் லெப்டினன்டாக ஜெர்மனிக்கு வந்து, ஹம்காரி ஒருத்தியைக் கட்டி, பிறகு பாலைவன ஊர்களில் சோதனைச் சாவடி போட்டுப் படை நடத்தி, நெஞ்சு நிறையப் பதக்கம் வாங்கி, கடைசியில் மனைவியின் ஊருக்கே வந்துசேர்ந்தவர். மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு அவர் கதைகளைக் கேட்க மிஞ்சியது ஒன்பது வயதான நான்தான். பள்ளி விட்டு அப்பா வேலையால் வரும்வரை அவரோடுதான் இருப்பேன்.

அம்மா ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அவர் ஆமியில இருந்தவர் எண்டு அப்பாட்டைச் சொல்லிப் போடாதை."

ஏனென்று சொல்லவில்லை. தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்று அம்மாவே அப்பாவிடம் கதை கட்டிவிட்டிருந்தார். அப்பாவும் நம்பினார். குப்பை கொட்டப் படியிறங்கினாலும் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மனிதர் அவர். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம்.

உண்மை வெளியே வந்தால் ஜெனரல் வீடு எனக்கில்லை. அது தெரிந்தும் வாய் சும்மா கிடந்ததா? யூனிபோர்மைப் போட்டுக் காட்டச் சொல்லி நாள்தோறும் நச்சரித்தேன். ஒருநாள் கிழவர் மசிந்தார். தொப்பியும் பதக்கங்களுமாக வந்து நிமிர்ந்து நின்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அப்பா அன்றைக்கு முந்தியே வந்துவிட்டார். திறக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் ஜெனரல் கதவைத் திறந்துவிட்டார்.

அப்பாவின் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி விழுந்து படிகளில் உருண்டது. ஏச்சு விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடினேன். ஏச்சு வரவில்லை. கண்ணைத் திறந்தால், அப்பா ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்தி, மறு கையில் அடையாள அட்டையை நீட்டியபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஐசி இருக்கு சேர்," என்றார், தமிழில். "பிள்ளையை விடுங்கோ."

அப்பா பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். ஜெனரல் சிரிக்கவில்லை. முகம் வெளிறித் தொப்பியைக் கழற்றினார், பிறகு பதக்கங்களோடு அந்தச் சட்டையையும். வெறும் பெனியனோடு படியிறங்கிப் போய், பெட்டியை எடுத்துவந்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் எத்தனை தரம் மணி அடித்தும் அவர் கதவு திறக்கவில்லை. அப்பாதான் தடுத்துவிட்டார் என்று கோபித்து, அவரோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தேன். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத மனிதருக்கு அன்று அப்பா சொன்னது எப்படி விளங்கியது என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை.